ரேகை வளர்த்தவர்

"விரலை நல்லா அழுத்துங்க."

"அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன் மேடம்."

"இன்னும் கொஞ்சம்."

"இன்னும் அழுத்தினா விரல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிடும்."

கைரேகை எடுக்கும் பெண் போலீஸ் திரையைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். ரேகை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

"அடுத்த விரல்."

அடுத்த விரலும் சுவர்தான். அதற்கடுத்ததும் சுவர். பத்து விரலும் முடிந்தபோது திரையில் ஒரு வீடு கட்டும் அளவுக்குச் சுவர்கள் சேர்ந்திருந்தன.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"டைல்ஸ் போடறேன் மேடம்."

"எவ்வளவு காலமா?"

"மீசை முளைக்கறதுக்கு முன்னாடியிருந்தே."

சிமெண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் நுரையீரலைத்தான் சொல்வார்கள். ஆனால் சிமெண்ட் முதலில் தின்பது விரல் நுனியை. டைல்ஸ் வேலை செய்கிற யாரையாவது பிடித்துக் கையை விரித்துப் பாருங்கள். உள்ளங்கை காய்த்துப்போய்ச் செருப்பின் அடிப்பாகம் மாதிரி இருக்கும். விரல் நுனி மட்டும் பளிங்கு போல வழவழக்கும். டைல்ஸ்காரருக்கு அது ஒரு குறையாக இதுவரை தோன்றியதே இல்லை. விரலுக்கு ரேகை எதற்கு? பசை பூசும் கரணையைப் பிடிக்க விரல் இருந்தால் போதும்.

இப்போது ரேகை வேண்டியிருந்தது. கடல் தாண்டி வேறொரு நாட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனி டைல்ஸ் போட ஆள் எடுக்கிறது. அங்கே போனால் நிரந்தரமாகக் குடியேறலாம், குடும்பத்தையும் கூட வைத்துக்கொள்ளலாம். வேலை பார்த்ததற்கு மேஸ்திரியின் கடுதாசி தவிர, கம்பெனி கேட்டது ஒரே ஒரு காகிதம். இவர் இத்தனை காலம் பிழைத்த இந்த நாட்டில் இவர் பேரில் எந்தக் கேசும் இல்லை என்று இங்குள்ள போலீஸ் எழுதிக் கொடுக்க வேண்டும். கூட வரும் குடும்பத்தாருக்கு அது தேவையில்லை, வேலைக்கு வருகிறவருக்கு மட்டும் போதும். ஆள் தேர்ந்தெடுக்கிறவர் ஊருக்கு வரும்போது அது கையில் இருக்க வேண்டும்.

குடும்பம் என்றால் மனைவியும் ஒரு மகளும். மனைவி இங்கேயே ஓர் ஆபீசில் துப்புரவு வேலை பார்க்கிறாள். மகள் மட்டும் சொந்த ஊரில் அத்தை வீட்டில் வளர்கிறாள். கூலிக்காரர்களுக்குக் குழந்தை பிறக்கும் என்பது இந்த நாட்டுச் சட்டத்துக்குத் தெரியாது. ஆகவே டைல்ஸ்காரருக்கு மகள் என்றால் கைப்பேசித் திரையில் தெரியும் ஒரு முகம்.

"மையைத் தடவிப் பார்க்கலாம்" என்றார் பெண் போலீஸ்.

மையைத் தடவிக் காகிதத்தில் உருட்டினார்கள். பத்துக் கருப்புப் பொட்டுகள் விழுந்தன.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, தேய்ச்சுட்டு வந்திருக்கானா?"

"டைல்ஸ் போடறவராம் சார்."

"எல்லாரும் ஒரு காரணம் வச்சிருப்பாங்க. போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் வந்தான். விரல்ல ஆசிட் ஊத்தியிருந்தான்."

"நான் சிமெண்ட் ஊத்தியிருக்கேன் சார்" என்றார் டைல்ஸ்காரர், உதவியாக இருக்கட்டும் என்று.

இன்ஸ்பெக்டர் டீயை உறிஞ்சியபடி அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்துவிட்டுப் போனார். அது, பின்னால் தேவைப்படும் என்று முகத்தை மனசில் எழுதி வைத்துக்கொள்கிற பார்வை.

பெண் போலீஸ் குரலைத் தாழ்த்தினார். "தோல் புதுசா வளரும்ங்க. கைக்குக் கொஞ்ச காலம் வேலை கொடுக்காதீங்க. ரேகை தானா மேல வரும்."

"வேலை செய்யாம எப்படி மேடம் இருக்கறது?"

"அது ஒண்ணும் கஷ்டம் இல்ல. இங்க உள்ள வந்து பாருங்க, பாதிப் பேர் அப்படித்தான் இருக்காங்க."

வீட்டில் மனைவி கதவைத் திறக்கும்போதே கேட்டாள். "கொடுத்துட்டாங்களா?"

"ரேகை இல்லையாம்."

"எல்லா விரல்லயுமா?"

"கால் விரலைக் கேட்கல."

சமையலறையில் பாய் விரித்துப் படுத்திருந்த மச்சினன் எழுந்து வந்தான். மனைவியின் தம்பி. சரக்கு வேன் ஓட்டுகிறவன். ஓட்டாத நேரத்தில் யோசனை சொல்லுவான். ஓட்டும்போதும் சொல்லுவான் என்று வேனில் கூடப் போனவர்கள் சொல்கிறார்கள்.

"இதுக்குப் போய்க் கவலைப்படறீங்களே மாமா. இப்ப வண்டி டயர் தேஞ்சு போச்சுன்னா என்ன பண்ணுவோம்?"

"மாத்துவோம்."

மச்சினன் கொஞ்சம் யோசித்தான். "அது வேண்டாம், வேற உதாரணம் சொல்றேன். செடி. காஞ்ச செடிக்குத் தண்ணி ஊத்தினாத் துளிர் விடும்ல? தோலும் அப்படித்தான். எண்ணெயில ஊறணும். நல்லா ஊறினா அடியில இருக்கிற ரேகை மிதந்து மேல வரும்."

"அடியில இருக்குன்னு உனக்கு யாருடா சொன்னது?" என்றாள் அக்கா.

"எங்க போயிருக்கும் பின்ன? கூடப் பொறந்ததுதானே."

வீட்டிலிருந்த தேங்காயெண்ணெய் முழுவதும் ஒரு கிண்ணத்தில் இறங்கியது. டைல்ஸ்காரர் வேலை விட்டு வந்ததும் அதில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு டிவி பார்த்தார். மூக்கு அரித்தால் மனைவியைக் கூப்பிட்டார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் நாளன்று கிளம்புகிற நிமிஷம் வரை ஊறவைத்து, துடைத்தால் ரேகையும் சேர்ந்து போய்விடும் என்று மச்சினன் எச்சரித்ததால் துடைக்காமலே போனார். பஸ்ஸில் எந்தக் கம்பியைப் பிடித்தாலும் கை கீழே வழுக்கிக்கொண்டு வந்தது.

"விரலை வைங்க" என்றார் பெண் போலீஸ்.

வைத்தார். விரல் வைத்த இடத்தில் நிற்கவில்லை. கண்ணாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சறுக்கிக்கொண்டு போனது. இழுத்துப் பிடித்து மறுபடி வைத்தார். மறுபடி போனது. கண்ணாடி முழுவதும் எண்ணெய் பரவி, விளிம்பு வழியாக உள்ளே இறங்கியது. இயந்திரம் ஒரு தடவை முனகியது. அதன்பிறகு முனகவும் இல்லை.

பின்னால் நீளமான வரிசை. எல்லோரும் வெளிநாட்டுக்குப் போகிற கனவோடு விரலைக் கழுவிக்கொண்டு வந்தவர்கள்.

"மெஷின் நின்னு போச்சு. சரி பண்ண ஆள் வரணும். எல்லாரும் அடுத்த வாரம் வாங்க" என்றார் பெண் போலீஸ்.

வரிசை முழுவதும் திரும்பி டைல்ஸ்காரரைப் பார்த்தது.

"நீ எங்கேயும் போக முடியலைங்கறதுக்காக எங்களையும் போகவிடாமப் பண்றியே, நல்லாயிருப்பியா?" என்றார் ஒரு பெரியவர்.

அடுத்த யோசனையும் மச்சினனுடையதுதான். "எண்ணெய் என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி நோயை நிறுத்தணும். சிமெண்ட் படாமப் பார்த்துக்கணும். அக்கா, நீ கழுவறதுக்குப் போடுவியே, அந்த ரப்பர் கையுறை எடு."

அக்கா எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள் நிறக் கையுறை, முழங்கை வரைக்கும் வரும். டைல்ஸ்காரர் அதை வேலையிலும் கழற்றவில்லை, வீட்டிலும் கழற்றவில்லை. சாப்பிட ஸ்பூன் வாங்கினார். கையுறைக்குள்ளே வியர்வை தேங்கி, நடந்தால் சளக் சளக் என்று சத்தம் கேட்டது.

மறுபடி ஸ்டேஷனுக்குப் போய்க் கையுறையை உருவியபோது, தண்ணீரில் ஊறிப்போன கொண்டைக்கடலை மாதிரி பத்து விரலும் சுருங்கி வெளியே வந்தன. பெண் போலீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் விரலைப் பிடித்தார்.

இந்தத் தடவை இயந்திரம் 'பீப்' என்றது. டைல்ஸ்காரருக்கு உயிர் வந்தது.

பெண் போலீஸ் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "போன தடவை ஒண்ணுமே இல்ல. இப்ப ஒரு விரல்ல மூணு ஆளோட கோடு இருக்கு."

"அதிகமா இருந்தா நல்லதுதானே மேடம்?"

இன்ஸ்பெக்டர் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். "யாரது, அந்தச் சிமெண்ட் ஆளா? கூட்டாளிங்களையும் சேர்த்துக்கிட்டு வந்திருக்கானா?"

பெண் போலீசுக்கு இப்போது டைல்ஸ்காரர் மேல் ஒரு பரிதாபம் வந்துவிட்டிருந்தது. வாசல் வரை வந்து சொன்னார். "எண்ணெயும் வேண்டாம், ரப்பரும் வேண்டாம். நான் அன்னிக்கே சொன்னேன். கையை எதுலயும் வைக்காதீங்க. தண்ணி, சோப்பு, சிமெண்ட் எதுவும் படக்கூடாது. ஒரு பருத்தித் துணியில சுத்தி, பச்சைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கங்க."

கையைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்ளலாம். மேஸ்திரியை என்ன செய்வது?

மேஸ்திரி ஒரு பெரிய கட்டடத்தின் கழிப்பறைகள் முழுவதற்கும் டைல்ஸ் போட ஒப்பந்தம் எடுத்திருந்தார். அதில் பாதிக்குமேல் டைல்ஸ்காரரின் தலையில். "லீவா? எழுதிக் கொடு, தர்றேன். கூடவே நீ என்கிட்ட வேலை பார்த்தேன்னு கம்பெனிக்குக் கடுதாசி கேட்டியே, அதையும் மறந்துடு" என்று சொல்லிவிட்டார். ஆக வேலைக்குப் போகவும் வேண்டும், வேலை செய்யவும் கூடாது.

"நான் வரேன்" என்றாள் மனைவி.

"எங்க?"

"உங்ககூட. எங்க ஆபீசுல மதியத்தோட முடிஞ்சிடுது. அப்புறம் வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டு விடறதுக்கு, அங்கேயே வந்து டைல்ஸைப் போடலாம். நீங்க வாயால சொல்லுங்க, நான் கையால செய்யறேன்."

"இது உனக்கு வராதும்மா. இது ஒரு கை பழகின வேலை."

"கழுவறது மட்டும் வாய் பழகின வேலையா? உங்க டைல்ஸைப் போட்டுட்டு நீங்க போயிடறீங்க. வாழ்நாள் முழுக்க அதோட முகத்தைப் பார்க்கறது நாங்கதான். எது கோணல்னு எனக்குத் தெரியாதா?"

அப்படித்தான் அது ஆரம்பித்தது. மேஸ்திரிக்குச் சுவர் முடிந்தால் போதும், யார் கை முடித்தது என்று அவர் கேட்கவில்லை. டைல்ஸ்காரர் கைகளில் பருத்திக் காலுறையை மாட்டி, காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். மனைவி சேலையைத் தூக்கிச் செருகி, மேலே அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு பசை குழைத்தாள்.

"தண்ணி ஜாஸ்தி."

"நீங்க குழைக்கறப்ப மட்டும் ஜாஸ்தி இல்லையா?"

"பல் வச்ச கரணையால இழு. ஒரே பக்கமா. கோலம் போடாத."

"கோலம் போடத் தெரிஞ்சவதான் இதையும் போடறா. பேசாம இருங்க."

"ஒரு நூல் மேல தூக்கு."

"ஒரு நூலா? வீட்ல டீத்தூள் டப்பா கண்ணு முன்னாடி இருந்தாத் தெரியாது. சுவத்துல ஒரு நூல் மட்டும் தெரியுது."

முதல் சுவர் அலை அலையாக வந்தது. அதைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டாவது சுவரில் ஒரு மூலை பிதுங்கியது. அதையும் பிரித்தார்கள். அப்புறம் பிரிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. டைல்ஸ்காரர் சொல்லிக் கொடுப்பது குறைந்து, ஊர்க்கதை பேசுவது கூடியது. ஒரு கட்டத்தில் மனைவி, "தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்றாள். அதற்குப்பின் அவருக்கு வெளிச்சத்தை மறைக்காமல் நிற்பதுதான் வேலை.

விடுமுறை நாளில் மகள் கைப்பேசியில் வந்தாள்.

"அப்பா, விரலைக் காட்டு."

மச்சினன் காலுறையை உருவி, கட்டை விரலைத் திரைக்குப் பக்கத்தில் காட்டினான்.

"ரொம்பக் கிட்ட. கொஞ்சம் தள்ளி. இன்னும் வரலையே அப்பா."

"வருதும்மா. ஓரத்துல லேசா ஒரு கோடு தெரியுது பாரு."

"அது அழுக்கு. நான் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எங்கப்பாவுக்கு ரேகை வந்ததும் நான் போயிடுவேன்னு. டீச்சர் என்னன்னு கேட்டாங்க. சீக்கிரம் வளர்த்துடுப்பா."

டைல்ஸ்காரர் அன்றைக்கு மூக்கு அரித்தபோதுகூடக் கையை எடுக்கவில்லை.

கட்டடத்தில் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு மனிதன் நாள் முழுக்க இரண்டு கையையும் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறான். பெண்டாட்டி கல் சுமக்கிறாள். அடிக்கடி போலீஸ் ஸ்டேஷன் போய் வருகிறான். கதையைக் கட்டி முடிக்க இதற்குமேல் சாமான் தேவையில்லை. பெயிண்டர்தான் முதல் கல்லை வைத்தார்.

"மூணு தடவை ரேகை எடுத்திருக்காங்களாம். ஒரு தடவைன்னா விசாரணை. மூணு தடவைன்னா என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"மூணு கேஸ்."

மறுநாள் மேஸ்திரியின் கட்டிங் மெஷினைக் காணோம். டைல்ஸ் அறுக்கிற மெஷின், பெட்டியோடு போய்விட்டது. மேஸ்திரி டைல்ஸ்காரரின் பைக்குள் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மெஷின் ஒரு சிறு அலமாரி அளவு இருக்கும். இருந்தாலும் பைக்குள் இருக்கலாமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

"எங்க ஆளு ஒருத்தன், டைல்ஸ் போடறவன். அவன் மேல என்ன கேஸ்னு சொல்ல முடியுமா சார்?"

போனை எடுத்தது இன்ஸ்பெக்டர். "நீங்களே சொல்லுங்க. என்ன கேஸ்?"

இப்படியாக, கேஸ் எதுவும் இல்லை என்று சர்டிபிகேட் கேட்டுப் போனவர் பேரில் முதன்முதலாக ஒரு புகார் பதிவானது.

இன்ஸ்பெக்டர் பெண் போலீசையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார். கட்டடமே வேலையை நிறுத்திவிட்டுக் கழிப்பறை வாசலில் கூடியது.

"கையை வெளிய எடு."

"எடுக்கக் கூடாது சார்" என்றார் டைல்ஸ்காரர்.

"என்ன வச்சிருக்க உள்ள?"

"ரேகை."

"என்னது?"

"வளருது சார். காத்துப் படக்கூடாதுன்னு இல்ல, ஆனா எதுக்கு வம்புன்னு."

இன்ஸ்பெக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். பூப்போட்ட காலுறை மாட்டிய கை வெளியே வந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மனைவி கரணையோடு எழுந்து வந்து நடுவில் நின்றாள்.

"சார், பார்த்துப் பிடிங்க. எத்தனை நாளா நான் இந்தக் கைக்குச் சோறு ஊட்டறேன்னு தெரியுமா? தேய்ச்சுக் கீய்ச்சு வச்சீங்கன்னா உங்க ரேகையைத்தான் கொடுக்கணும்."

பெண் போலீஸ் முன்னால் வந்து காலுறையை மெல்லக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் கட்டை விரல் மேல் வைத்தார். கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"சார். வருது சார்."

"என்ன வருது?"

"ரேகை. சுழி நல்லாத் தெரியுது. வந்து பாருங்களேன்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். அவர் பார்த்ததும் மேஸ்திரி பார்த்தார். மேஸ்திரி பார்த்ததும் ஒவ்வொருவராக வரிசையில் வந்து பார்த்தார்கள். எலக்ட்ரீசியன், இவ்வளவு அழகாக இருக்கும் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்றார். கடைசியாகப் பார்ப்பதற்காகப் பெயிண்டர், பக்கத்திலேயே தான் ஏறி நின்று விட்டம் பூசிக்கொண்டிருந்த பெட்டியிலிருந்து கீழே இறங்கினார். அவர் இறங்கிய பிறகுதான், வெள்ளைச் சாயம் சொட்டிக் கிடந்த அந்தப் பெட்டி கட்டிங் மெஷின் பெட்டி என்பது மேஸ்திரிக்குத் தெரிந்தது.

"ஏணி எட்டல" என்றார் பெயிண்டர்.

மேஸ்திரி அங்கேயே புகாரை வாபஸ் வாங்கினார். இன்ஸ்பெக்டருக்கு மட்டும் வந்த வேலை வீணாகப் போன வருத்தம். போகிற போக்கில் சுவரில் கையை வைத்துப் பார்த்து, "வேலை சுத்தமாத்தான் இருக்கு" என்றார். "நன்றி சார்" என்றார் டைல்ஸ்காரர். மனைவி புருஷனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

கழிப்பறைகள் முடிந்தன. மேஸ்திரி கடுதாசி எழுதிக் கொடுத்தார். கடைசியாக ஸ்டேஷனுக்குப் போன அன்று டைல்ஸ்காரரின் கைகள் எப்படி இருந்தன என்றால், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் தன் குழந்தையின் கையையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஒவ்வொரு விரலுக்கும் இயந்திரம் 'பீப்' என்றது. திரையில் வளையம் வளையமாக, வயல் உழுத மாதிரி கோடுகள் வந்தன.

"இது நானா மேடம்?"

"நீங்கதான்."

"நல்லா இருக்கேன்ல?"

பெண் போலீஸ் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர், இந்த ஆள் பேரில் எந்தக் குற்றமும் இல்லை என்பதைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது பல்வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்திருந்தார்.

சர்டிபிகேட்டை மச்சினன் தலைமேல் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஒரு சுற்று ஓடினான். "எல்லாத்துக்கும் மூலம் என் எண்ணெய்தான்" என்றான். யாரும் மறுக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்தவர் ஊர் ஓரத்தில் ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்திருந்தார். நரைத்த தலை, தடித்த கழுத்து, தானும் ஒரு காலத்தில் கல் சுமந்தவர் என்று தோளைப் பார்த்தாலே தெரியும். ஓரமாகப் பலகையில் சுவர்கள் நிறுத்தி, பக்கத்தில் டைல்ஸும் பசையும் வைத்திருந்தார்கள். டைல்ஸ்காரரோடு மனைவியும் மச்சினனும் வந்து வாசலோரம் நின்றார்கள். மகள் கைப்பேசியில் காத்திருந்தாள்.

ஆள் எடுப்பவர் சர்டிபிகேட்டைப் பார்த்தார். கடுதாசியைப் பார்த்தார். எல்லாம் சரி என்று தலையாட்டிக் கையை நீட்டினார். டைல்ஸ்காரர் நீட்டினார். வந்தவர் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால் உள்ளங்கையை அமுக்கிப் பார்த்தார்.

"எந்த ஆபீஸ்ல வேலை?"

"டைல்ஸ் சார்."

"டைல்ஸ் கடையிலயா?"

"இல்ல சார். போடறது."

"போட்டுக் காட்டுங்க."

டைல்ஸ்காரர் கரணையை எடுத்தார். எத்தனையோ வருஷம் பிடித்த கரணை வேற்று மனிதரின் சாமான் மாதிரி கனத்தது. இரண்டு இழுப்புக்குள் உள்ளங்கை கன்றிக் கொப்புளம் போட்டது. பசை பட்டதும் விரல் நுனி தீயாக எரிந்தது. ஊதினார். ஊதிக்கொண்டே டைல்ஸை எடுத்து வைத்தார். புது ரேகை அதை நன்றாகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. உதறியதில் டைல்ஸ் ஒரு பக்கமாகச் சரிந்தது.

"ஏங்க, ஒரு நூல் மேல" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

தூக்கினார். மற்றப் பக்கம் இறங்கியது.

"அங்க இல்லைங்க. இடது பக்கம். ஐயோ, அப்படிப் பிடிக்காதீங்க. தள்ளுங்க."

மனைவி உள்ளே வந்துவிட்டாள். சேலையைச் செருகினாள். கரணையைப் பிடுங்கினாள். சரிந்ததைப் பெயர்த்து, பசையை வழித்து, ஒரே இழுப்பில் பரப்பினாள். ஒவ்வொரு டைல்ஸாக வைத்து ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினாள். அடுத்தது. அடுத்தது. அவள் நிமிர்ந்தபோது சுவர் முடிந்திருந்தது.

ஆள் எடுப்பவர் ரசமட்டத்தைச் சுவரில் வைத்தார். குமிழி நட்ட நடுவில் போய் நின்றது. வேறு இடத்தில் வைத்தார். அங்கேயும் நடுவில்தான்.

"அம்மா, உங்க கையைக் காட்டுங்க."

அவள் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினாள். அவர் உள்ளங்கையை அமுக்கினார். விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். முகம் மலர்ந்தது.

"இதுதான் கை. நுனியெல்லாம் கண்ணாடி மாதிரி எப்படி மழுங்கிப் போயிருக்கு பாருங்க. பொய்க் காகிதம் ஆயிரம் கொண்டாருவாங்க, இந்த விரலை எங்கேயும் வாங்க முடியாது. வேலை அம்மாவுக்குத்தான். புருஷன், பிள்ளை ரெண்டு பேரும் கூட வரலாம்."

மச்சினன் விசில் அடித்தான். கைப்பேசிக்குள்ளிருந்து, "நான் வரேனா? நான் வரேனா?" என்று மகள் கத்துவது கேட்டது. டைல்ஸ்காரர் கொப்புளம் போட்ட கையை மறந்து கைதட்டினார். வலித்தது. மறுபடியும் தட்டினார். மனைவிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, "நான் சொன்னேன்ல, இடது பக்கம்னு" என்றாள்.

ஆள் எடுப்பவர் டைல்ஸ்காரரின் சர்டிபிகேட்டை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது வேண்டாங்க, கூட வர்றவங்களுக்கு இது தேவையில்லை. அம்மா நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷன் போய்ப் பத்து விரலையும் மெஷின்ல வச்சுட்டு வந்துட்டாப் போதும், அஞ்சு நிமிஷ வேலை."